தோட்டைக் கழற்றிட்டு வாங்க ஆச்சி

காரைக்குடியில் தாடை முழுக்கத் தெரிகிற ஓ.பி.ஜி எக்ஸ்ரே எடுக்கப் போனால் முதலில் நகையைக் கழற்றச் சொல்வார்கள். "பல்லைத்தானே எடுக்கிறீங்க, காது என்ன பண்ணுச்சு?" என்று கேட்காத ஆச்சி குறைவு. கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த மெஷின் தலையைச் சுற்றி வந்து படமெடுப்பதால் இடது காதுத் தோடு அதன் இடத்தில் விழுவதோடு நிற்காமல், வலது பக்கத்தில் கொஞ்சம் மேலே தள்ளி மங்கலாக இன்னொரு தடவையும் விழும், தாடைக்குள் ஏதோ கல் இருக்கிற மாதிரி. (புளூ ஜாகர் வைரமே ஆனாலும் அது வெறும் கரிமம், எக்ஸ்ரே அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, வெள்ளையாக விழுவது தங்கம்தான்.)

சரி, படத்துக்கு வருவோம். கதிரைத் தடுப்பது வெள்ளை, விடுவது கறுப்பு. எலும்பு அரித்த இடம் கறுக்கும், ஆனால் சுண்ணாம்புச் சத்து 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான். அதனால் புதுச் சீழ் படத்தில் தெரியாமலே போகலாம்.

கீழ்த்தாடை முன்கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெரிந்தால் உடனே நீர்க்கட்டி என்று சொல்லிவிடக் கூடாது. உதட்டுக்குப் போகும் நரம்பு வெளிவரும் ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அது அறுபடாமல் இருந்து, கோணம் மாற்றி எடுத்த படத்தில் வட்டம் வேரை விட்டு நகர்ந்தால் ஓட்டைதான்.

கட்டியின் ஓரம் வெள்ளைக் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் மெதுவாக வளர்ந்தது. அரித்துப் பிய்ந்த ஓரம்தான் கவலை. முளைக்காத ஞானப்பல்லின் தலையைச் சுற்றிய கறுப்பு ஒரு வகை நீர்க்கட்டியாக இருக்கலாம். சோப்பு நுரை மாதிரி அறை அறையாகத் தெரிவது அமெலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கட்டியாகவும் இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம். சதை எடுத்துப் பரிசோதிக்காமல் முடிவு கிடையாது.

வெள்ளைப் புள்ளியிலும் இதே குழப்பம்தான். மாங்காய் வாயில் பட்டதுமே தாடைக்கு அடியில் வீங்குகிறது என்றால் உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்லாக இருக்கலாம். உமிழ்நீர்க் கற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில்தான் வருகிறது, காரணம் அதன் குழாய் நீளம், மேல்நோக்கி ஏறுகிறது, எச்சிலும் கொழகொழப்பு. ஓ.பி.ஜியில் கல் தாடை எலும்பின் மேலேயே விழுந்து எலும்புக்குள் இருப்பதாக ஏமாற்றும், அப்போது வாயைக் கீழிருந்து பார்க்கிற ஒரு படம் போதும்.

தாடைக் கோணத்துக்குக் கீழே, கழுத்து எலும்பை ஒட்டி, துகள் துகளாக வெள்ளை இருந்தால் கழுத்துத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். பல்லுக்காக எடுத்த படம்தான், இருந்தாலும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும். குரல்வளைக் குருத்தெலும்பும் அந்தப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவதுண்டு என்பதால், ஸ்கேன் வருவதற்குள் அடைப்பு என்று சொல்லி ஆளைப் பயமுறுத்தவும் வேண்டாம்.