கெடாத பாலைத்தான் சந்தேகப்பட வேண்டும்

உணவுக் கலப்படம் பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்தில் யாராவது எழுந்து, "இதெல்லாம் நம்ம ஊர்லதான் சார் நடக்கும், அமெரிக்காவுல முடியுமா?" என்று கேட்பார். முடிந்தது. 1900ஆம் ஆண்டையொட்டிய அமெரிக்காவில் பாலில், பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினை ஊற்றினார்கள். வெண்ணெயிலும் இறைச்சியிலும், சலவைக்குப் பயன்படும் போராக்ஸைச் சேர்த்தார்கள். டப்பாப் பட்டாணி பச்சைப்பசேலென்று தெரிய மயில்துத்தம் போட்டார்கள். குழந்தையின் அழுகையை நிறுத்தும் என்று விற்ற சிரப்பில், அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் இருந்தது. சில மாநிலங்களில் சட்டம் இருந்தாலும், நாடு முழுவதற்குமான பொதுச் சட்டம் கிடையாது. என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்த நாட்டு வியாபாரிகள் திடீரென்று கெட்டுப்போனதால் வந்த வினை இல்லை இது. சிகாகோவில் 1865இல் பிரம்மாண்டமான கால்நடைச் சந்தை திறந்தது. பிறகு கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் போன்ற இறைச்சி வியாபாரிகள் ஐஸ் வைத்த ரயில் பெட்டிகளில் இறைச்சியை நியூயார்க் வரை அனுப்பத் தொடங்கினார்கள். ஆலை வேலைக்காக லட்சக்கணக்கானோர் நகரங்களில் குவிந்தார்கள். மாடு ஓர் இடம், வெட்டுவது வேறிடம், சாப்பிடுவது இன்னோரிடம் என்றானது. தொழுவம் கண்ணெதிரே இருந்தவரை முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கலாம். தூரம் கூடியதும் சரக்கு வழியில் கெடாமல் இருக்க ரசாயனம் வந்தது. அது முதலில் மறைத்தது, கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும் அந்த வாடையைத்தான்.

1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில் இந்தச் சரக்கு கடல் கடந்து போனது. கியூபாவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் போன சிப்பாய்களுக்கு டப்பா மாட்டிறைச்சி கொடுத்தார்கள். பிணம் அழுகாமல் இருக்கப் போடும் மருந்தைப் படைக்கு அனுப்பிய மாட்டிறைச்சியில் போட்டிருக்கிறார்கள் என்று தளபதி நெல்சன் மைல்ஸ் விசாரணைக் குழு முன்பே குற்றம்சாட்டினார். போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 400 பேருக்கும் குறைவு; நோயில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தச் சாவுகளை எல்லாம் இறைச்சியின் தலையில் கட்டக் கூடாது. டைபாய்டுதான் பெரிய எமன். ரசாயனம் கலந்ததற்கும் விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்த வெக்கையில் வாயில் வைக்க முடியாத இறைச்சி அது. அதை அங்கே சாப்பிட வேண்டியிருந்தவர்களில் ஒருவர் தியோடர் ரூஸ்வெல்ட். மூன்றே ஆண்டுகளில் அவர் ஜனாதிபதியானார்.

உணவைச் சோதிக்கும் என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் நாயகன் ஹார்வி வைலி. விவசாயத் துறையின் தலைமை வேதியியலாளர். 1902இல் நாடாளுமன்றம் 5,000 டாலர் ஒதுக்க, வாஷிங்டனில் தன் அலுவலகத்தின் அடித்தளத்திலேயே ஒரு சாப்பாட்டு அறை போட்டார். 12 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு, வெளியே எதையும் வாயில் போடக் கூடாது. சாப்பிடும் முன் எடை, நாடித்துடிப்பு, உடல் வெப்பம் பார்ப்பார்கள். சிறுநீர், மலம் எல்லாம் சேகரித்துச் சோதனைக்குப் போகும். முதலில் போராக்ஸை வெண்ணெயில் ஒளித்து வைத்தார்கள். அது எதில் இருக்கிறது என்று தெரிந்ததும் பையன்கள் வெண்ணெயைத் தொடவில்லை. வேறு பண்டங்களுக்கு மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். கடைசியில் மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அளவு ஏற ஏறத் தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை. பத்திரிகைகள் அவர்களுக்கு 'விஷப்படை' என்று பேர் வைத்தன. இன்றைய அளவுகோலில் அந்த ஆய்வில் குறை உண்டு: ரசாயனம் சாப்பிடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. ஆனாலும் சந்தையில் தாராளமாகப் புழங்கிய ஒன்றை மனித உடம்பில் சோதித்துக் கணக்கு எழுதிய அந்த நேர்மை எனக்குப் பெரிதாகவே படுகிறது.

பெண்கள் சங்கங்கள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தன. சிகாகோ இறைச்சிக்கூடங்களைப் பற்றி அப்டன் சின்க்ளேர் எழுதிய நாவல் 1906இல் நாட்டையே உலுக்கியது. ரூஸ்வெல்ட் ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உணவு, மருந்துச் சட்டம், இறைச்சி ஆய்வுச் சட்டம் இரண்டிலும் கையெழுத்திட்டார். ஓட்டைகள் இருந்தன. புற்றுநோய் தீரும் என்று மருந்தில் பொய் எழுதினால்கூட இந்தச் சட்டத்தின் கீழ் வராது என்று 1911இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மார்ஃபின், ஓபியம், கோகெய்ன் இருந்தால் லேபிளில் போட்டே ஆக வேண்டும் என்றானது.

இப்போது நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். போராக்ஸும் போரிக் அமிலமும் ஒரே குடும்பம். கேரம் போர்டில் தூவும் பவுடர்தான் போரிக். உணவில் இருக்கிறதா என்று பார்க்க, மாதிரியில் கொஞ்சம் அமிலம் சேர்த்து மஞ்சள் தோய்த்த காகிதத்தை நனைத்துக் காயவைப்போம். இருந்தால் மஞ்சள் செந்நிறமாகும். அம்மோனியா பட்டால் கரும்பச்சைக்கு மாறும். வைலி காலத்திலும் இதே சோதனைதான். ஃபார்மலினுக்கு, பாலில் அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாக ஆடாமல் அசையாமல் இறக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் ஊதா வளையம் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது. வீட்டில் தயவுசெய்து முயலாதீர்கள், அந்த அமிலம் கண்ணைப் பறித்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது வேறு. காய்ச்சாத உதிரிப் பால் வெளியே கிடந்தும் மறுநாள் வரை புளிக்கவில்லை என்றால், "நல்ல பால்" என்று மெச்சாமல் சந்தேகப்படுங்கள். (நீண்ட நாள் தாங்கும்படி அதிவெப்பத்தில் காய்ச்சி அடைத்த பெட்டிப் பால், பிரிக்காதவரை கெடாது. அது வேறு.) மீனில் மீன் வாடையே இல்லை, ஈயும் அண்டவில்லை என்றால் விலகி நில்லுங்கள்.

கெடாமல் இருக்கச் சேர்க்கும் எல்லாமே விஷம் என்று சொல்லவும் மாட்டேன். வைலி எதிர்த்த சோடியம் பென்சோயேட் இன்றும் அளவோடு அனுமதிக்கப்பட்டதுதான். லேபிளில் 211 என்ற எண் போட்டிருக்கும். 220 முதல் 228 வரை சல்ஃபைட் வகை, ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. குற்றம், அளவை மீறுவதிலும் மறைப்பதிலும் இருக்கிறது.

நம் நாட்டில் இப்போதுள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அதன் 40ஆவது பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, நீங்களே ஒரு பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சட்டமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.