தன் அலையைத் தாண்டிய படகு

14 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு எவ்வளவு வேகமாகப் போகும்? அது சாதாரணமாக மிதந்து செல்லும்வரை, மணிக்கு 9 கிலோமீட்டரை ஒட்டியே திணறத் தொடங்கிவிடும். காற்று இன்னும் பலமாக அடித்தாலும் பெரிய பலன் இருக்காது. குறுக்கே நிற்பது அந்தப் படகே கிளப்பிய அலை.

ஓடும் படகின் முன்பக்கம் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பும். நீளமான அலைதான் வேகமாக ஓடும் என்பதால், படகின் வேகம் கூடக் கூட அந்த அலையும் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும்: முன்பக்கம் ஒரு முகட்டில், பின்பக்கம் அடுத்த முகட்டில். அதற்கும் மேல் வேகம் பிடித்தால் பின்முகடு நழுவிப்போய், படகின் பின்பாகம் பள்ளத்தில் இறங்கிவிடும். அப்புறம் படகு தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டியதுதான்.

இந்த மேட்டைத் தாண்ட வழி கண்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இங்கிலாந்தின் படகு வடிவமைப்பாளர் அஃபா ஃபாக்ஸ். 1898இல் வைட் தீவில் பிறந்தவர். இளமையில் சாண்டர்ஸ் பட்டறையில் தொழில் பழகினார். விரைவு மோட்டார் படகுகளும் கடல் விமானங்களும் கட்டிய இடம் அது. தட்டையான அடிப்பாகம் கொண்ட மோட்டார் படகு, போதிய வேகம் வந்ததும் தண்ணீரைப் பிளப்பதை விட்டுவிட்டு அதன்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் குளத்தின்மேல் தத்திப் போகிறதே, அதைப் போலத்தான். கீழே தள்ளப்படும் தண்ணீர் அடிப்பலகையை மேலே தூக்குகிறது.

மோட்டாருக்குச் சரி, பாய்க்கு? காற்று எப்போதும் பலமாக வீசாது. மெல்லிய காற்றில் தட்டையான அடிப்பாகம் பெரும் சுமை. தண்ணீரைத் தொடும் பரப்பு கூடி, உராய்வு படகைப் பிடித்து இழுக்கும். அதனால் ஃபாக்ஸ் முன்பக்கத்தை ஆழமான V வடிவில் அமைத்து, பின்னால் போகப் போக அதைத் தட்டையாக்கினார். மீதி வேலையைப் படகில் இருப்பவர்களின் உடல் எடை செய்தது. காற்று குறைந்தால் இருவரும் முன்னால் நகர்வார்கள். தட்டையான பின்பாகம் தண்ணீரிலிருந்து சற்று எழும்பும். காற்று வலுத்தால் பின்னால் நகர்ந்து, விளிம்புக்கு வெளியே உடம்பைச் சாய்த்து, படகை நிமிர்த்திப் பிடிப்பார்கள். சாய்ந்த படகுக்கு அந்த ஏற்றம் சரியாகக் கிடைக்காது. இவ்வளவு சிறிய படகில் இரண்டு பேரின் எடை சின்ன விஷயமே இல்லை. வரைபட மேசையில் மட்டுமே உட்கார்ந்திருப்பவருக்கு இது இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டிருக்காது என்றே நினைக்கிறேன். சுக்கானைப் பிடித்த கைதான் படகின் வடிவத்தையும் வரைந்தது.

இந்த வடிவில் அமைந்த 'அவெஞ்சர்' என்ற 14 அடிப் படகை 1928இல் அவரே ஓட்டினார். அந்த ஆண்டு 57 பந்தயங்கள். 52இல் முதலிடம், 2இல் இரண்டாமிடம், 3இல் மூன்றாமிடம். மேல்தளம்கூட இல்லாத அந்தப் படகிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்துக்குப் போய்ப் பந்தயத்தில் கலந்துகொண்டு, அதிலேயே திரும்பியும் வந்தார்.

இலேசான படகைத் தண்ணீர்மேல் ஏற்றியதோடு அவர் நிற்கவில்லை. கவிழாமல் இருக்க அடியில் இரும்புக் கனம் தொங்கும் படகுகளும் உண்டு. அவை தண்ணீர்மேல் வழுக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. 1947இல் ஃபாக்ஸ் வடிவமைத்த 'ஃப்ளையிங் ஃபிஃப்டீன்' அப்படிப்பட்டதுதான். மொத்த நீளம் 20 அடி, தண்ணீரைத் தொடும் நீளம் 15 அடி. பெயரில் உள்ள எண் அதுதான். மிதக்கும் கணக்குப்படி அதன் எல்லையும் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நல்ல காற்றில் அது இரும்பையும் தூக்கிக்கொண்டு தன் அலைமேல் ஏறி அந்த எல்லையைத் தாண்டிவிடும். அந்த வகைப் படகுகளுக்கு இன்றும் உலகப் போட்டிகள் நடக்கின்றன.