நெறி கட்டினால் உள்ளே என்ன நடக்கிறது?

முடக்குவாதத்துக்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “இந்த மாத்திரையால் நிணநீர்க் கணுவில் புற்றுநோய் வருமாமே, நிறுத்திவிடட்டுமா?”

நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. காரணம் சொல்கிறேன்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும்; அங்குள்ள நிணநீர்க் கணு வீங்குவதுதான் அது. சிறுவயதில் பாட்டி என்னை மந்திரிக்க அழைத்துப் போவார். பத்து நாளில் வற்றிவிடும்; பேர் மந்திரித்தவருக்கு. வேலை பார்த்ததென்னவோ கணுவுக்குள், கிருமியைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைச் செய்யும் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள்.

எனக்கு இன்றும் அலுக்காத இடம் இது. முதலில் உருவாகும் ஆன்டிபாடி கிருமியோடு அரைகுறையாகத்தான் பொருந்தும். எங்கே திருத்துவது என்று செல்லுக்குத் தெரியாது. ஆகவே தன் டிஎன்ஏவையே கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதுகிறது. ஏ.ஐ.டி. என்ற நொதி, ஆன்டிபாடி மரபணுவில் உள்ள சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்தின் அமைன் தொகுதியைக் கழற்றி, யுராசில் என்ற வேறொரு எழுத்தாக்கிவிடும். டிஎன்ஏவில் யுராசிலுக்கு வேலையே இல்லை. சரிசெய்ய வரும் நொதிகளும் இங்கே ஏனோதானோவென்று ஒட்டுப்போடுவதால் பிழை தங்கிவிடுகிறது. வழக்கத்தைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேகத்தில். கெட்டுப்போன செல்கள் அங்கேயே மடியும். தற்செயலாக நன்றாகப் பொருந்தியது பெருகி, மறுபடி தன்னைத் திருத்தும். மொச்சைக்கொட்டை அளவு கணுவுக்குள் இயற்கைத் தேர்வு! 1999இல் இந்த நொதியைக் கண்டறிந்த ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த விஞ்ஞானி ஹோன்ஜோவுக்கு 2018இல் நோபல் கிடைத்தது வேறொன்றுக்காக. நானாக இருந்தால் இதற்கே கொடுத்திருப்பேன்.

சில வேளை நொதி குறி தவறி, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் கைவைத்துவிடும். முள் குத்திய காலில் கிருமி ஒழிந்ததும் இந்தத் திருத்தும் பட்டறை மூடிவிடும். முடக்குவாதத்தில் பி செல்கள் துரத்துவது சொந்த உடலின் புரதங்களை. அவை தீரவே தீராது. பட்டறை வருடக்கணக்கில் ஓட, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் வாய்ப்பு சுமார் இரு மடங்காகிறது. அப்போதும் அது அரிதுதான்.

2006இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, லிம்போமா வந்த 378 முடக்குவாத நோயாளிகளை, வராதவர்களோடு ஒப்பிட்டது. ஆபத்து ஏறியிருந்தது அழற்சி நெடுநாள் அடங்காதவர்களிடம். வழக்கமான மாத்திரைகள் அதை ஏற்றவில்லை. தேசியப் பதிவேடுகள் இருந்ததால் முடிந்த ஆய்வு இது. பதிவேடு பராமரிக்கப் பணம் கேட்டால் நம் ஊரில் கொட்டாவி விடுகிறார்கள்.

ஒரு விலக்கு உண்டு. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுக்கும் சிலருக்கு, பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொடர்போடு, லிம்போமா வந்து, மருந்தை நிறுத்தியதுமே கரைந்திருக்கிறது. அந்த முடிவு மருத்துவருடையது.

வலியில்லாத, ரப்பர்போல் அழுந்தும் கட்டி சில வாரங்களாகியும் வற்றாவிட்டாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ காட்டுங்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது பல நேரம் போதாது. கணுவையே எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள்.