பி12-ஐ உண்டாக்கத் தெரிந்தவை பக்டீரியாக்கள்தான்

சைவச் சாப்பாட்டில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று எங்கள் பக்கம் அடித்துச் சொல்வார்கள். ஏறத்தாழ உண்மைதான். பருப்பு, பயறு, குத்தரிசி, முருங்கையிலை, எள்ளு என்று ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குப் பெரிதாக எதுவும் குறையாது, விற்றமின் பி12 ஒன்றைத் தவிர. அதை மரஞ்செடி எதுவும் உண்டாக்குவதில்லை, ஆடு மாடு மீன்கூட உண்டாக்குவதில்லை. பக்டீரியாக்களுக்கும் அவற்றைப் போன்ற ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களுக்கும் மட்டுந்தான் அந்த வேலை தெரியும்.

அப்படியென்றால் ஆட்டிறைச்சிக்குள் எப்படி வந்தது? ஆடு தின்ற குழையும் புல்லும் முதலில் போய்ச் சேருகிற பெரிய இரைப்பையில் கோடானுகோடி பக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை தீனியிலுள்ள கோபாற்று என்ற உலோகத்தில் ஒரு துளியை எடுத்து பி12 ஆக்கிவிட, அது ஆட்டின் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ஈரலிலும் இறைச்சியிலும் பாலிலும் சேருகிறது. ஆஸ்திரேலியாவில் சில இடங்களில் புல் தாராளமாக இருந்தும் செம்மறிகள் மெலிந்து செத்தன, மண்ணில் கோபாற்றுக் குறைவுதான் காரணம் என்று 1930களில் கண்டுபிடித்தார்கள். கடலிலும் இதே கதைதான், பக்டீரியா உண்டாக்கியது நுண்ணுயிர்கள் வழியாக மீனுக்கும் நண்டுக்கும் போகிறது. அதனால் மச்சம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வருவதில்லை.

சரி, மனிதக் குடலிலும் பக்டீரியா நிறைய இருக்கிறதே? இருக்கிறது, பி12-ஐயும் உண்டாக்குகிறது, ஆனால் பெருங்குடலில். எங்கள் இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐப் பிடித்துக்கொண்டு போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உள்ளே ஏற்றும். பெருங்குடல் அதற்கும் அப்பால். யாழ்ப்பாணத்திலிருந்து போகிற பஸ்ஸில் கொடிகாமத்தில் ஏறுகிறவர் சாவகச்சேரியில் இறங்க முடியாதல்லவா, அப்படித்தான்.

தோசைமா புளித்தால் பி12 வரும் என்றும் சிலர் நம்புகிறார்கள். மாவைப் புளிக்கவைக்கும் பக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இதை உண்டாக்கத் தெரியாது, ஆகவே அதை நம்பியிருக்க வேண்டாம். பாலும் தயிரும் உதவும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ஒரு பெரிய கோப்பைப் பாலில் அதில் பாதியளவு கிடைக்கும். தேத்தண்ணிக்கு ஊற்றுகிற கொஞ்சப் பால் காணாது.

எனக்கு உண்மையிலேயே கவலை வயதான சைவக்காரரைப் பற்றித்தான். ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைபாடு ஓசைப்படாமல் வரும். கால் விறைக்கும், செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் அம்மா முற்றத்தில் நாலடி நடந்துபோயிருப்பார், அடுப்பில் வைத்ததை மறப்பார், வீட்டில் எல்லோரும் வயசு என்பார்கள், இல்லாவிட்டால் சீனி வருத்தம் என்பார்கள். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும் என்பது பலருக்குத் தெரியாது. வயது போகப்போக இரைப்பை அமிலம் குறைவதும் சேர்ந்துகொள்ளும். போலிக் அமிலம் என்ற இன்னொரு விற்றமின் குளிசையை மட்டும் எடுத்தால், பி12 குறைவால் வந்த குருதிச்சோகை சரியானதுபோல இருக்கும், நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும், பிந்தினால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால் விறைப்பும் மறதியும் கண்டால் டொக்டரிடம் பி12 இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பி12-ஐச் சிவப்புப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார்கள். டொரதி ஹொட்ஜ்கின் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிரால் இதன் கட்டமைப்பைக் கண்டறிந்தார், 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பி12 ஊசி மருந்து சிவப்பாக இருப்பதும் நடுவில் கோபாற்றைப் பிடித்துவைத்திருக்கும் அந்தக் கட்டமைப்பால்தான்.

சைவக்காரர் குளிசை எடுக்கத் தயங்கவும் தேவையில்லை. இன்று விற்கப்படும் பி12 பெரிய தொட்டிகளில் பக்டீரியாக்களை வளர்த்து எடுப்பது, ஆடு மாடு எதுவும் அதற்குத் தேவையில்லை. கூடு போட்ட கப்சூல் என்றால் மட்டும் அந்தக் கூடு மாட்டு ஜெலற்றினாக இருக்கலாம், ஆகவே பாமசியில் சாதாரண குளிசையாகக் கேட்டு வாங்குங்கள்.