ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வட்டு

1973 முதல் 1987 வரையிலான செவ்ரோலே சி/கே பிக்கப் வண்டிகளை அமெரிக்காவில் இன்றும் பலர் ஆசையோடு பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். பெட்டி போன்ற உடலமைப்பால் அவற்றுக்கு ‘ஸ்கொயர் பாடி’ என்று செல்லப்பெயர். அந்த வண்டிகளில் அடிக்கடி எழும் குறை ஒன்று: ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி கண்டுகொள்வதே இல்லை.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் 2 செ.மீ. என்பது 6 டிகிரி. ஸ்டீயரிங் பாக்ஸ் எனும் பற்சக்கரப் பெட்டி அதைச் சுமார் 16-ஆல் வகுத்துத்தான் சக்கரத்துக்கு அனுப்பும். மிஞ்சுவது அரை டிகிரிகூட இல்லை. ஆனால் 80 கி.மீ. வேகத்தில், டயர் நழுவலைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அந்தச் சின்னக் கோணமே ஒரு நொடியில் வண்டியை அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தப் போதும். அவ்வளவு முக்கியமான 2 செ.மீ. வீணாகத் தொலைகிறது.

எல்லோரும் முதலில் சந்தேகிப்பது பாக்ஸைத்தான். அதற்கு முன் ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து, ஸ்டீயரிங்கிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஷாஃப்டைப் பாருங்கள். மேலே ஷாஃப்ட் திரும்பி, கீழே பாக்ஸின் தண்டு தாமதமாகத் திரும்பினால், குற்றவாளி நடுவே இருக்கும் ‘ராக் ஜாயின்ட்’. ராக் என்றால் கந்தல் துணி. துணி அடுக்குகளை உள்ளே வைத்து வார்த்த, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வட்டு அது. ஷாஃப்டின் தகடு எதிரெதிரான இரண்டு போல்ட்டுகளிலும், பாக்ஸின் தகடு மற்ற இரண்டிலும் பிடித்திருக்கும்.

இவ்வளவு முக்கியமான இடத்தில் ரப்பரை ஏன் வைத்தார்கள்? காரணம் இருக்கிறது. பாக்ஸ் சேஸிஸில் இறுகியிருக்கிறது. ஓட்டுநர் கேபினோ ரப்பர் தாங்கிகள் மேல் அமர்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். அந்த அசைவையும் சாலையின் அதிர்வையும் ரப்பர் விழுங்கிக்கொள்கிறது. ஆனால் எண்ணெய்க் கசிவும் எஞ்சின் சூடும் பல பத்தாண்டுகளில் ரப்பரைத் தளர்த்தி வெடிப்பு விழ வைத்துவிடும். முழுதும் கிழிந்தாலும் வண்டி கைவிட்டுப் போகாதபடி தகட்டுக்குள் நுழைந்திருக்கும் பாதுகாப்பு முளைகள் இருக்கின்றன. யோசித்துச் செய்த வேலை அது.

சரி, இதற்குப் பதிலாகப் பலர் போடுவது யுனிவர்சல் ஜாயின்ட் கொண்ட எஃகு ஷாஃப்ட். கவட்டை போன்ற இரண்டு கவைகளுக்கு நடுவே ஒரு சிலுவை; நம் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்பார்களே, அதுதான். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்ததால் ஹூக் ஜாயின்ட் என்றும் பெயர். முறுக்குவிசையில் இது ரப்பர் மாதிரி வளையாது. ஆனால் இதற்கென்று ஒரு விசித்திரக் குணம் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும் அல்லவா? சாய்ந்திருக்கும் இரண்டாவது தண்டின் கவை சுற்றும் வட்டமும் முதல் தண்டின் திசையிலிருந்து பார்த்தால் அப்படித்தான். அதனால் ஒரு தண்டு சீராகச் சுற்றும்போது மற்றது சற்று முந்தும், அப்புறம் பின்தங்கும். ஒரு சுற்றில் இரண்டு முறை. கோணம் 10 டிகிரி என்றால் வித்தியாசம் 1.5 சதவீதம்தான், கைக்குத் தெரியாது. 30 டிகிரியில் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும். ஸ்டீயரிங் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் லேசாகவும் இருக்கும்.

கோணம் பெரிதானால் சம கோணத்தில் இரண்டு ஜாயின்ட் வைத்து, நடு ஷாஃப்டின் இரு முனைக் கவைகளையும் ஒரே தளத்தில் நிறுத்த வேண்டும். முதலாவது செய்த ஏற்ற இறக்கத்தை இரண்டாவது சரியாக அழித்துவிடும். 90 டிகிரி மாற்றிப் பூட்டினாலோ இரண்டும் சேர்ந்துகொண்டு 0.75-க்கும் 1.33-க்கும் இடையே ஆட்டிவைக்கும். நடு ஷாஃப்ட் பெரும்பாலும் இருபுறமும் தட்டையாக்கிய ‘டபுள் டி’ வடிவத்தில் வருவதில் இதுவும் ஒரு வசதி: தன் மறுபாதியான குழாய்க்குள் அது இரண்டே விதத்தில்தான் நுழையும், இரண்டிலும் கவைகள் ஒரே தளத்தில்தான் நிற்கும்.

அந்தத் தண்டு குழாய்க்குள் நீளவும் சுருங்கவும் இடம் இருக்க வேண்டும். கேபின் அசைவுக்காக மட்டும் இல்லை. 48 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதினால் ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரை நோக்கி 127 மி.மீ.க்கு மேல் வரக்கூடாது என்ற விதி 1968 முதல் அமெரிக்காவில் கார்களுக்கு நடைமுறைக்கு வந்தது. உறுதிக்காக அந்த இடத்தை வெல்டிங் வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது.

வாங்கும் முன் பாக்ஸ் தண்டின் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பாக்ஸ்களில் 3/4 அங்குல விட்டத்தில் 30 பல் கொண்டதும் உண்டு, 13/16 அங்குலத்தில் 36 பல் கொண்டதும் உண்டு. கழற்றும் முன் சக்கரங்களை நேராக நிறுத்தி அடையாளம் போட்டுவிடுங்கள். பூட்டியபின் இருபுறமும் கடைசி வரை திருப்பி, ஷாஃப்ட் புகைக் குழாயில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதன் பிறகும் ஆட்டம் மிஞ்சினால்தான் பாக்ஸின் மேலிருக்கும் சரிப்படுத்தும் திருகில் கை வைக்கலாம். ரப்பரின் தளர்ச்சியை அந்தத் திருகை முறுக்கி மறைக்கப் பார்த்தால், ஒழுங்காக இருந்த பாக்ஸின் பற்களும் தேய ஆரம்பிக்கும்.