அட்டை வீடு எதைச் சரியாகச் சொல்லும்?

மூன்று மீட்டர் உயரமுள்ள சுவரை 1:50 விகிதத்தில் அட்டை மாதிரியாகச் செய்தால் 60 மில்லிமீட்டர் ஆகும். கணக்கு அவ்வளவுதான், பள்ளிப் பிள்ளைக்கும் வரும். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. நீளம் 50-ல் ஒரு பங்கானதும் தரைப்பரப்பு 2,500-ல் ஒரு பங்காகிவிடுகிறது. கன அளவு 1,25,000-ல் ஒரு பங்காகிவிடுகிறது. பொருள் அதேயானால் எடையும் அப்படியே. ஆனால் பார்ப்பவரின் கண் சுருங்கவில்லை, அட்டையின் இழை சுருங்கவில்லை, ஜன்னல் வழியே நுழையும் வெளிச்சத்தின் இயல்பும் மாறவில்லை. சில குணங்கள் ஒழுங்காகச் சுருங்குகின்றன, சில அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன, சில சுருங்கவே மறுக்கின்றன. கட்டடக்கலைக்கோ உள்ளரங்க வடிவமைப்புக்கோ மாதிரி செய்யக் கற்பவர், கத்தி பிடிக்கப் பழகும்போதே இவற்றைப் பிரித்தறியவும் பழக வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அழகான பொம்மை வீடு கிடைக்கும். அதனிடம் கேள்வி கேட்க முடியாது.

எந்த விகிதத்தில் செய்வது என்பதை மேசையின் அளவைப் பார்த்து முடிவு செய்பவர்களே அதிகம். கேள்வியைப் பார்த்து முடிவு செய்வதுதான் முறை. 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 1:500-ல் மூன்றரை மில்லிமீட்டர்கூட இருக்க மாட்டார். அந்த அளவில் கட்டடம் தெருவோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கலாம், கதவைத் தேடக் கூடாது. 1:100-ல் அவர் 17 மில்லிமீட்டர். கட்டடத்தின் மொத்த உருவம், மாடிகளின் அடுக்கு, திறப்புகளின் இடம் ஆகியவை தெரியும். 1:50-ல் அறைகளுக்குள் நடமாட்டம் புரியத் தொடங்கும். உள்ளரங்கத்தின் வெளிச்சமும் மரச்சாமான்களும் பேச வேண்டுமானால் 1:20 வேண்டும். அங்கே மனிதர் 85 மில்லிமீட்டர். விகிதத்தின் இரண்டாம் எண் குறையக் குறைய மாதிரி பெரிதாகும் என்பது புதியவர்களைக் குழப்பும் விஷயம், இரண்டு நாளில் பழகிவிடும்.

விகிதம் முடிவானதும் பொருளின் தடிமன் தானாகவே குறுக்கிடும். கையில் இருப்பது 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு எனும் நுரை அட்டை என்றால், 1:20-ல் அது 100 மில்லிமீட்டர் தடுப்புச் சுவர், 1:50-ல் 250 மில்லிமீட்டர் கனமான சுவர், 1:100-ல் அரை மீட்டர் கோட்டைச் சுவர். ஆகவே 1:100 மாதிரிக்கு 2 மில்லிமீட்டர் அட்டை வாங்குவது சிக்கனத்துக்காக அல்ல, அளவுக்காக. பிழையும் இதே பெருக்கலில்தான் வளரும். வெட்டும்போது அரை மில்லிமீட்டர் விலகினால் 1:50-ல் அது 25 மில்லிமீட்டர், 1:200-ல் 100 மில்லிமீட்டர்.

வெட்டுவதில் கைவலிமைக்கு வேலை குறைவு. ஃபோம் போர்டு என்பது இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே நுரைப் பிளாஸ்டிக். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து முதல் இழுப்பில் மேல் காகிதத்தை மட்டும் அறுக்க வேண்டும். இரண்டாம் இழுப்பில் நுரை, மூன்றாவதில் அடிக்காகிதம். முதல் கீறல் தடமாகிவிடுவதால் அடுத்தவை அதிலேயே ஓடும். ஒரே இழுப்பில் முடிக்க அழுத்தினால் அலகு வளைந்து திசை மாறும். அளவுகோலைப் பிடித்த விரலும் ஆபத்தில் இருக்கும். மழுங்கிய அலகு நுரையை அறுக்காமல் பிய்க்கிறது. வெட்டிய விளிம்பு கடித்தாற்போல் சொரசொரப்பாக இருந்தால் அலகின் நுனியை ஒடித்துப் புதியதை எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அலகு பக்கவாட்டில் சாயாமல் நிற்பதும் முக்கியம். ஐந்து டிகிரி சாய்ந்தாலே 5 மில்லிமீட்டர் அட்டையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு வரும், மூலையில் அது இடைவெளியாகக் கண்ணில் குத்தும்.

மூலை என்றதும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மாதிரியின் தரம் அங்கேதான் வெளிப்படும். இரு சுவர்களை நேராக முட்டி ஒட்டினால் ஒன்றின் நுரை விளிம்பு வெளியே தெரியும். அதோடு எந்தச் சுவர் எந்தச் சுவரின் மேல் முட்டுகிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அளவு கெடும். வெளியளவு 100 மில்லிமீட்டர் சதுரமான பெட்டிக்கு நான்கு சுவரையும் 100 ஆக வெட்டக் கூடாது. இரண்டு 100, மற்ற இரண்டு 90. நேர்த்தியான வழி வேறு. ஒரு சுவரின் ஓரத்தில், உள்பக்கமாக, அட்டையின் தடிமன் அளவுக்கு ஒரு கோடு போட்டு உள்காகிதத்தையும் நுரையையும் மட்டும் அறுக்க வேண்டும். பிறகு அந்த 5 மில்லிமீட்டர் பட்டையை அளவுகோலின் விளிம்பால் சுரண்டி எடுத்தால் வெளிக்காகிதம் மட்டும் நாக்குபோல் மிஞ்சும். அடுத்த சுவரின் விளிம்பு அந்தப் படியில் உட்கார்ந்துகொள்ளும், வெளிக்காகிதம் அதன் நுரையை மூடிவிடும். வெளியே இருந்து பார்த்தால் மூலை ஒரே கோடு. இதைச் செய்ய முதலில் பொறுமை போகும், பிறகு இது இல்லாத மூலையைப் பார்க்கவே பிடிக்காது.

ஒட்டுவதிலும் அறிவியல் இருக்கிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. தண்ணீர் பட்டதும் காகித இழைகள் பருக்கின்றன, உலரும்போது மீண்டும் சுருங்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் பசை பூசித் தாளை ஒட்டினால் அந்தப் பக்கம் மட்டும் இழுபடும், அட்டை ஓடுபோல் வளையும். இரு பக்கமும் தாள் ஒட்டி இழுவையைச் சமப்படுத்துவது, பசையை மெல்லிய கோடாக மட்டும் இடுவது, உலரும்வரை பாரம் வைப்பது ஆகிய மூன்றும் இதற்கு மருந்து. கரைப்பான் கலந்த பசைகளை நுரையின் மீது ஊற்றினால் பாலிஸ்டைரீன் என்ற அந்த நுரைப் பிளாஸ்டிக் கரைந்து குழியாகிவிடும் என்பதால், புதுப் பசையை முதலில் கழிவுத் துண்டில் சோதிப்பது நல்லது.

அட்டைக்கும் மரத்தைப் போலவே இழைத்திசை உண்டு. தயாரிக்கும் இயந்திரம் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிகின்றன. இழை தன் நீளத்தில் அதிகம் பருப்பதில்லை, குறுக்கில்தான் பருக்கிறது. அட்டைத் துண்டை இரு திசைகளிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாகச் சுருளும், மறுதிசையில் எதிர்க்கும். வளைந்த சுவர் செய்ய வேண்டியிருந்தால் இழை செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். மாறி வெட்டினால் வளைவு முழுக்க முறிவுக் கோடுகள் விழும்.

லேசர் வெட்டும் இயந்திரமும் முப்பரிமாண அச்சும் வந்த பிறகு இந்தக் கைவேலை எதற்கு என்று கேட்கலாம். நூறு ஜன்னல்கள் உள்ள முகப்பை லேசரிடம் விடுவதே புத்திசாலித்தனம். ஆனால் லேசர் கதிருக்கும் ஓர் அகலம் உண்டு. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பொருள் எரிந்து போவதால் பொருத்துத் துளைகளை அதற்கேற்ப வரைய வேண்டும். பி.வி.சி. நுரைப் பலகையை லேசரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒருசேர அரிக்கும். யோசித்துக்கொண்டே செய்யும் மாதிரிக்கு, ஒரு சுவரைப் பிய்த்து இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டிப் பார்க்கும் மாதிரிக்கு, இன்றும் கத்திதான் வேகம்.

இனி வெளிச்சம். உள்ளரங்க மாதிரி நேர்மையாகப் பதில் சொல்லும் கேள்வி இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அதற்கு முன்னால் ஆறு சென்டிமீட்டர் சுவரும் மூன்று மீட்டர் சுவரும் ஒன்றுபோலவே பிரம்மாண்டமானவை. எனவே திறப்புகளின் வடிவமும் பரப்புகளின் பிரதிபலிப்பும் சரியாக இருந்தால், மாதிரி அறைக்குள் பகல் வெளிச்சம் பரவும் விதம் நிஜ அறையில் பரவுவதைப் போலவே இருக்கும். இதற்குத் திருத்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

பிரதிபலிப்பு சரியாக இருந்தால் என்று சொன்னேன் அல்லவா, பெரும்பாலான மாதிரிகள் சறுக்குவது அங்கேதான். வெள்ளை அட்டை தன் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. நுழைந்த ஒளி சுவரிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து தரைக்கும் தாவித் தாவிச் சேர்வதால், மூடிய அறையில் அது தோராயமாக ஐந்து மடங்காகப் பெருகும். நிஜ அறையில் வெளிர்க் கூரை, நடுத்தர நிறச் சுவர், இருண்ட தரை ஆகியவற்றின் சராசரி 50 சதவீதம் என்றால் பெருக்கம் இரண்டு மடங்குதான். வெள்ளை மாதிரியைக் காட்டி ‘எவ்வளவு வெளிச்சமான அறை’ என்று வியக்க வைப்பது எளிது. குடியேறிய பிறகு விளக்கைப் போட வேண்டியிருக்கும். தரைக்கு மட்டுமாவது உண்மையான சாயலில் ஒரு தாளை விரித்துவிட்டுப் பாருங்கள், அறை உடனே நிதானத்துக்கு வந்துவிடும். இன்னொன்று, ஃபோம் போர்டு ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் சுவரே லேசாக ஒளிரும்.

நேர் வெயிலைச் சோதிக்க மேசை விளக்கைப் பயன்படுத்துவது வீண். ஒரு மீட்டர் தள்ளி வைத்த விளக்கு, 1:50 உலகத்தில் 50 மீட்டர் தொலைவில் எரியும் தெருவிளக்கு. அதன் கதிர்கள் விரிந்து செல்லும், நிழல்கள் ஆளுக்கொரு திசையில் சாயும். சூரியக் கதிர்களோ நடைமுறையில் இணையானவை. வானில் சூரியன் அரை டிகிரி அகலத்தில் தெரிவதால் நிழலின் விளிம்பில் உண்டாகும் மங்கலும் மாதிரிக்கு ஏற்றபடியே சுருங்கிவிடுகிறது: மூன்று மீட்டர் தொலைவில் விழும் நிழலுக்கு ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் மங்கல் என்றால், மாதிரியில் அரை மில்லிமீட்டர். ஆகவே மாதிரியை முற்றத்துக்குத் தூக்கிச் செல்வதே மேல். கட்டடம் அமையவிருக்கும் இடத்தின் அட்சரேகைக்கு வரைந்த சூரியக் கடிகாரத் தாளை அடிப்பலகையில், வடக்குத் திசை பொருந்தும்படி ஒட்டி, நடுவில் குச்சியை நட வேண்டும். குச்சியின் நிழல் நுனி டிசம்பர் மாலை நான்கு மணிக் குறியைத் தொடும்வரை பலகையைச் சாய்த்தும் திருப்பியும் பிடித்தால், ஜூன் மாதக் காலையிலேயே டிசம்பர் மாலை வெயில் அறைக்குள் எங்கே விழும் என்று தெரிந்துவிடும்.

கண்ணின் தொல்லை வேறு வகை. நம் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 6.3 சென்டிமீட்டர். 1:50 மாதிரிக்குள் எட்டிப் பார்க்கும்போது அது மூன்று மீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது, அதாவது அறையை ஒரு பூதம் பார்க்கிறது. இரு கண்களும் அனுப்பும் படங்களின் வேறுபாட்டை வைத்தே ‘இது சின்னப் பொருள்’ என்று மூளை கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாதிரி மனிதரின் கண் மட்டத்தில் பாருங்கள். அறை சட்டென்று பெரிதாகும். லண்டன் புனித பவுல் பேராலயத்துக்காகக் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1673–74-ல் செய்வித்த ‘பெரிய மாதிரி’ 1:25 விகிதத்தில் ஆறு மீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. உள்ளரங்கத்தைக் கண் மட்டத்தில் பார்ப்பதற்கு அந்த அளவு தேவைப்பட்டது. அந்த வடிவமைப்பு ஏற்கப்படாமல் போனது வேறு கதை.

இன்று அந்த வேலையைச் செல்போன் கேமரா செய்கிறது. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு அருகில் இறங்கும். 1:20-ல் கண் மட்டம் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர். துணி, மரம் போன்றவற்றின் நுண்மை காட்டிக்கொடுத்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மில்லிமீட்டரில் கால் பங்கு தடிமனுள்ள நூல் 1:20-ல் ஐந்து மில்லிமீட்டர் கயிறு. உண்மையான துணியால் செய்த குட்டி சோபா, சாக்கு மூட்டையாகத் தெரிவது அதனால்தான். பல நேரங்களில் வழுவழுப்பான காகிதமே நல்ல துணி. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கட்டடக்கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி, வண்ணம் பூசி அலங்கரித்த மாதிரிகளைக் கடிந்துகொண்டார். எளிமையான மாதிரியே கருத்தைக் காட்டும் என்பது அவர் கட்சி. காட்சிக் கூடத்துக்கு அது பொருந்தாமல் போகலாம், வேலை மேசைக்குப் பொருந்தும்.

உறுதியைப் பற்றி மட்டும் அட்டை மாதிரியிடம் கேட்கவே கூடாது. அதே பொருளில், அதே வடிவத்தில், 50 மடங்கு சிறிதாகச் செய்த உத்தரம் தன் எடையால் தொய்வது, அதன் நீளத்தோடு ஒப்பிட்டால், பெரியதில் 50-ல் ஒரு பங்குதான். அதனால் நிஜத்தில் நிற்கவே முடியாத கூரையும் மாதிரியில் ஜம்மென்று நிற்கும். உருவத்தைப் பெரிதாக்கினால் வலிமை அதே வேகத்தில் பெருகாது என்பதை கலிலியோ 1638-ல் வெளியான தம் நூலில் விளக்கிவிட்டார். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: தொங்கும் சங்கிலி. சங்கிலி சிறிதோ பெரிதோ, அது தொங்கும் வடிவம் ஒன்றே. தலைகீழாக்கினால் அழுத்தத்தை மட்டும் தாங்கும் வளைவு கிடைக்கும். பார்சிலோனாவுக்கு அருகே ஒரு தேவாலயத்துக்காகக் கட்டடக்கலைஞர் ஆன்டோனி கவுடி கயிறுகளில் ஈயக் குண்டுப் பைகளைத் தொங்கவிட்டு 1:10 மாதிரி அமைத்து, அதன் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வடிவம் கண்டார்.

ஒலியைப் பற்றியும் மாதிரியிடம் கேட்கலாம், ஆனால் கேள்வியை அதன் மொழிக்கு மாற்ற வேண்டும். 1:10 மாதிரியில் ஒலியின் அலைநீளமும் பத்தில் ஒரு பங்காக வேண்டும் என்பதால் அதிர்வெண்ணைப் பத்து மடங்காக்குவார்கள். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து விழுங்கிவிடும். அதனால்தான் ஹாம்பர்க் நகரின் எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கத்தின் 1:10 ஒலி மாதிரிக்குள் நைட்ரஜன் நிரப்பிச் சோதித்தார்கள். வீட்டு மேசையில் இதற்கு முயல வேண்டியதில்லை.

முதல் மாதிரிக்கு நீங்கள் இருக்கும் அறையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாதிரி சொல்வது சரியா என்று உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை 1:20-ல் 200-க்கு 150 மில்லிமீட்டர், கூரை உயரம் 140. ஒளியளக்கும் செயலியோடு போனை உள்ளே வைத்துவிடலாம் என்று தோன்றும். அந்த அளவில் போன் மூன்று மீட்டர் நீளப் பலகை. வெளிச்சத்தைத் தானே மறைத்துவிடும். ஜன்னலின் திசை நிஜத்தைப் போலவே இருக்கும்படி மாதிரியை வெளியே வைத்து, காலையிலும் மாலையிலும் படம் எடுத்து அறையின் படத்தோடு வைத்துப் பாருங்கள். மரச்சாமான்களை ஒட்ட வேண்டாம், நகர்த்திப் பார்க்கத்தான் அவை. ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரையும் ஒட்டாமல் கழற்றும்படி விட்டு, லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் அதில் ஒரு துளை போடுங்கள். முழுச் சுவரையும் எடுத்துவிட்டுப் படம் எடுத்தால் அந்த வழியாகவும் வெளிச்சம் வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.