எச்பிவி: மாமா ரிப்போர்ட்ல இருந்த 'செர்விக்கல்'

மாமாவுக்குக் கழுத்துல கோலிக்குண்டு சைஸ்ல ஒரு கட்டி, வலி கிலி ஒன்னும் கிடையாது, ஷேவ் பண்ணும்போது கையில தட்டுச்சுனு காமிக்கப் போனதுதான், கடைசில ரிப்போர்ட்ல "செர்விக்கல் நோட்" (நோட்னா நெறி), "பி16 பாசிட்டிவ்", அதுக்குக் கீழ எச்பிவினு ஒரு வைரஸ் பேரு, புற்றுனு வந்து நின்னுச்சு. பீடி, வெத்தல, குட்கா எதையும் தொடாத மனுசன். அத்தை ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா தம்பி, செர்விக்கல்னா கர்ப்பப்பையில வர்றதுல்ல, ரிப்போர்ட்ட மாத்திக் குடுத்துட்டாய்ங்களா?"

அத்தை மேல தப்பே இல்ல. செர்விக்ஸ்னா லத்தீன்ல கழுத்து, அம்புட்டுதான். கழுத்தெலும்பு தேஞ்சு பெல்ட் மாட்டிக்கிட்டு திரியுறவங்களுக்கு எழுதுற செர்விக்கலும் இதேதான். கர்ப்பப்பைக்குக் கீழ கழுத்தாட்டம் ஒடுங்கி இருக்குற எடத்துக்கும் அதே பேர வச்சாங்க, நாமதான் அத வாய்னு சொல்லிட்டோம். மாமாவுக்கு இருந்தது கழுத்துல நெறி கட்டுன கதை.

சரி, எச்பிவி. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். பாப்பில்லானா லத்தீன்ல முலைக்காம்பு, 'ஓமா' கிரேக்கத்துல கட்டி, வைரஸ்னா லத்தீன்ல விஷம். சொல்லுக்குச் சொல் மாத்துனா "முலைக்காம்புக் கட்டி விஷம்"னு வரும், அத எந்த டாக்டர் வாயால சொல்வாரு. ஆனா பொருள் நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு: மரு. கையிலயும் கால்லயும் வர்ற அதே மருதான், கோயில்ல உப்பும் மிளகும் வாங்கிப் போட்டு "கரைஞ்சு போகட்டும்"னு வேண்டிக்கிறோமே அது. (பெரிய ற போட்டு மறுனு எழுதாதீங்க, அது கறை, "மாசு மறு இல்லாத"ங்கற மறு. பாலுண்ணினும் சொல்றோம், ஆனா அந்தப் பேர்ல சில நேரம் மொலஸ்கம்னு வேற வைரஸ் குடும்பத்துக் கொப்புளமும் சேந்து வந்துரும்.)

இந்த வைரஸ்ல 200 வகைக்கு மேல இருக்கு, பெரும்பாலானது சாதாரண மருவோட நின்னுரும். 1933-ல அமெரிக்காவுல ரிச்சர்ட் ஷோப்னு ஒருத்தர் கொம்பு மாதிரி மரு வளந்த காட்டு முயல்கள்ல இருந்து இந்தக் குடும்பத்து வைரஸ பிரிச்சுக் காமிச்சாரு. அப்புறம் 1983-ல ஜெர்மனியில ஹரால்ட் சூர் ஹவுசன் குழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுல 16-ஆம் வகைய கண்டுபிடிச்சாங்க, அவருக்கு 2008-ல நோபல். அங்கதான் "பொம்பளைங்க நோய்"னு முத்திரை விழுந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் போகல.

அதே 16-ஆம் வகை தொண்டைக்கும் போகும். தொண்டைனு நாம மொத்தமா சொல்லிடுறோம், குரல்வளையில வர்ற புற்று பெரும்பாலும் பொகையால வர்றது, இது டான்சில்லயும் அடிநாக்குலயும் வர்றது, அந்த எடத்த வாய்த்தொண்டைனு சொல்லலாம். மாமாவுக்கும் இதுதான், அங்கருந்து கழுத்து நெறிக்குப் பரவுனதுதான் அந்தக் கட்டி. டான்சில்ல சின்னச் சின்ன குழி இருக்கும், வைரஸ் அங்க போய் ஒக்காந்துக்கும். வாய்வழி உறவுல தொத்துறதுதான் முக்கிய வழி, முக்காவாசிப் பேருக்கு ஒன்னு ரெண்டு வருசத்துல தானா போயிரும், சிலருக்கு மட்டும் தங்கி 10, 20 வருசம் கழிச்சு புற்றா வரும், ஆம்பளைங்களுக்குத்தான் இது அதிகம். அதனால "இவருக்கு எப்படி, எங்க"னு கிளறுறது வேண்டாத வேல, பாதி ஆயுசுக்கு முந்துன சமாச்சாரம். அமெரிக்காவுல வாய்த்தொண்டைப் புற்றுல 100-க்கு 70 இந்த வைரஸ் கணக்குல போகுது, நம்ம பக்கம் பொகையிலதான் இன்னும் முன்னாடி நிக்குது.

இப்ப ரெண்டு பதினாறு. எச்பிவி 16-னா வைரஸோட வரிசை நம்பர். பி16-ங்கறது வைரஸே கிடையாது, நம்ம ஒடம்பு தயாரிக்கிற புரதம். வைரஸோட ஈ6 புரதம் பி53-ங்கற காவலாள அழிக்குது, ஈ7 ஆர்பி-ங்கற இன்னொரு காவலாள முடக்குது, ஆர்பி படுத்ததும் பி16 ஏகத்துக்கு ஏறிக்கும், அதப் பாத்துதான் உள்ள எச்பிவி வேல செய்யுதுனு கணிக்கிறாங்க. பாசிட்டிவ்னதும் அத்தை அழுதுட்டாங்க, ஆனா இந்த வகை ரேடியேஷனுக்கும் மருந்துக்கும் பொகையில புற்ற விட நல்லாவே மசியும். 2017-ல வந்த, புற்ற ஸ்டேஜ் பிரிக்கிற புத்தகத்துலயே இதுக்குத் தனி அட்டவண போட்டுட்டாங்க.

தமிழ்ல என்ன சொல்றது? எழுத்துல "மனித மரு நச்சுயிரி"னு வைக்கலாம், வைரஸ்னா விஷம்ங்கறதால நச்சுயிரி பொருந்தும், கொரோனா சமயத்துல புழங்குன தீநுண்மியும் தப்பில்ல. பேச்சுல என் ஓட்டு "மரு வைரஸ்"க்குத்தான். கர்ப்பப்பை வைரஸ்னு மட்டும் வேண்டாம், பூனாவுல தயாராகி 2022-ல அனுமதி வாங்குன எச்பிவி தடுப்பூசிக்கே செர்வாவாக்னு பேரு வச்சதுல பையன் வச்சிருக்கவங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, ஆஸ்திரேலியாவுல 2013-லயே ஸ்கூல்ல பசங்களுக்கும் எச்பிவி ஊசி போட ஆரம்பிச்சாச்சு. வந்த புற்றுக்கு ஊசி வேல செய்யாது, அது வர்றதுக்கு முன்னாடி போடுறது.

அத்தைக்கு மரு வைரஸ்னு சொன்னதும் புரிஞ்சுருச்சு. "அப்ப மாரியம்மனுக்கு உப்பு மிளகு போட்டுருவோமா"ன்னாங்க. தெப்பக்குளத்துக்குப் போய் போட்டுட்டு வந்தோம், ரேடியேஷன் திங்கக்கெழமதான்.